கொத்தளம் போட்ட ஊர்

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் வேதம் வாசிப்பது பிள்ளைகளின் வேலை. ஜெபம் முடிந்தால்தான் சோறு. அதனால் வேகமாக வாசித்து முடிப்பதில்தான் எங்கள் கவனமெல்லாம். இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தின் 18, 19ஆம் அதிகாரங்கள் வந்தபோது நான் வசமாக மாட்டிக்கொண்டேன். சனகெரிப், ரப்சாரீஸ், ரப்சாக்கே என்று வாயில் நுழையாத பெயர்கள். ஆச்சி கண்ணைத் திறக்காமலேயே, "ஏலே, ரயிலுக்கா போற? நின்னு வாசி" என்றாள். நின்று வாசித்தபோதுதான் ஒரு சொல் இடறியது. அசீரிய ராஜா எருசலேமுக்குள் வரமாட்டான், அதன்மேல் அம்பு எய்யமாட்டான், கேடகத்தோடு அதற்கு முன்னால் வரமாட்டான், அதற்கு எதிராகக் கொத்தளம் போடமாட்டான் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லும் இடம்.

கொத்தளம் என்றால் கோட்டைச் சுவரிலிருந்து முன்தள்ளி நிற்கும் மேடை என்றுதான் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைக் கொத்தளத்தில் பிரதமர் கொடியேற்றினார் என்று வானொலியில் கேட்டிருக்கிறேன். ஊரைப் பிடிக்க வருகிறவன் எதற்காக அந்த ஊருக்குக் கொத்தளம் கட்டிக்கொடுக்க வேண்டும்? ஆச்சியிடம் கேட்டேன். "போடமாட்டான்னுதான எழுதியிருக்கு, பெறகென்ன, வாசி" என்று முடித்துவிட்டாள்.

அவன் போட்ட கொத்தளத்தை முப்பது வருஷம் கழித்து லண்டனில் பார்த்தேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்திய மம்மிகள் இருக்கும் பக்கம் திருவிழாக் கூட்டம். அசீரிய அறைகளில் அவ்வளவு ஆள் இல்லை. நீளமான ஓர் அறையின் சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் நெருக்கமாகச் செதுக்கிய மனிதர்கள். நடுப்பலகையில் ஒரு கோட்டை. அதன் மதிலை நோக்கிச் சாய்வாக ஏறுகிறது ஒரு மேடு. அதன்மேல் சக்கரம் வைத்த பொறிகள் நீண்ட மூக்கால் மதிலைக் குத்துகின்றன. சரி, கொத்தளம் என்று வேதத்தில் சொல்வது இதைத்தான். மதில் உயரத்துக்கு மண்ணையும் கல்லையும் குவித்துப் போடும் முற்றுகை மேடு. பக்கத்திலேயே அம்பு எய்கிறவர்கள், கேடகம் பிடிக்கிறவர்கள். ஏசாயா 'மாட்டான்', 'மாட்டான்' என்று அடுக்கிய அத்தனையும் இந்தச் சுவரில் நடந்துகொண்டிருந்தது. ஊர்தான் வேறு. எருசலேம் இல்லை, லாகீஸ்.

அந்தப் பெயரையும் நான் சின்ன வயதில் வாசித்துத்தான் இருக்கிறேன். நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

லாகீஸ் எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், யூதேயா மலைகளுக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் நடுவில் இருக்கிறது. கடற்கரை வழியாக எகிப்துக்குப் போகிற படையோ, எகிப்திலிருந்து வருகிற படையோ மலைக்கு மேலே ஏற நினைத்தால் இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள்தான் வழி. அந்த வாய்க்குள் ஒரு கல்லை வைத்து அடைத்தமாதிரி லாகீஸ். இன்றைக்கு அது ஒரு மண்மேடு. உச்சி மட்டும் ஏறத்தாழ 18 ஏக்கர் இருக்கும். ஒரே இடத்தில் வீடு கட்டி, இடிந்து, அதன்மேலேயே மறுபடியும் கட்டி, எரிந்து, திரும்பவும் கட்டி என்று ஆயிரக்கணக்கான வருஷம் மனிதர்கள் வாழ்ந்ததில் உயர்ந்த மேடு. அரபு மொழியில் இப்படிப்பட்ட மேட்டைத் 'தெல்' என்பார்கள். இதன் அரபுப் பெயர் தெல் எத்-துவேர்.

யூதா ராஜாக்களின் காலத்தில் எருசலேமுக்கு அடுத்த பெரிய ஊர் இதுதான். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் அரணாக்கிய பட்டணங்களின் பட்டியலில் இதன் பெயர் வருகிறது. எருசலேமில் தனக்கு எதிராகச் சதி நடந்தபோது அமத்சியா ராஜா தப்பித்து ஓடிவந்ததும் இங்கேதான். ஆள் அனுப்பி இங்கேயே அவனைக் கொன்றுபோட்டார்கள். கல் அஸ்திவாரத்தின்மேல் பச்சைச் செங்கல்லால் எழுப்பிய பிரதான மதில் 6 மீட்டருக்கு மேல் தடிமன். சரிவில் கீழே இன்னொரு சுவர். பக்கத்துக்கு மூன்றாக ஆறு அறைகள் கொண்ட பெரிய நகரவாசல். நடுவில் அரண்மனைக் கோட்டை. யூதாவில் அந்தக் காலத்துக் கட்டடங்களில் இதைவிடப் பெரியது வேறு கண்டுபிடிக்கப்படவில்லை. வடகிழக்கு மூலையில் 44 மீட்டர் ஆழக் கிணறு. முற்றுகையில் முதலில் சாவது தண்ணீர் இல்லாத ஊர்தான். அந்தக் கவலை இவர்களுக்கு இல்லை.

இந்த ஊரை 'விழுந்த ஊர்' என்று மட்டும் நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. விழுவதற்கு முன்னால் எவ்வளவு காலம் நின்றிருக்கிறது! கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னனுக்குக் கானான் தேசத்துச் சிற்றரசர்கள் களிமண் பலகைகளில் எழுதிய கடிதங்களில் லாகீசின் தலைவர்கள் வருகிறார்கள். அதற்கும் முந்தியது ஒரு பேன்சீப்பு. ஆமாம், பேன்சீப்புதான். 2016இல் இங்கே கிடைத்த தந்தச் சீப்பு, விரல் நீளம்கூட இல்லாதது. ஒரு பக்கம் பேன் வாரும் நெருக்கமான பற்கள், மறுபக்கம் சிக்கெடுக்கும் அகலமான பற்கள். அதில் ஏதோ கீறியிருப்பதைச் சில வருஷம் யாரும் கவனிக்கவில்லை. 2022இல் வாசித்து வெளியிட்டார்கள். 17 எழுத்து. "இந்தத் தந்தம் தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும்." கானானிய எழுத்தில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் இதுதான் மிகப் பழையது, ஏறத்தாழ கி.மு. 1700 என்று கணிக்கிறார்கள். பற்களின் இடுக்கில் பேனின் மிச்சமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது யானை கிடையாது. எங்கிருந்தோ வாங்கிவந்த தந்தம், அதாவது பணக்காரத் தலை. அந்தத் தலையிலும் பேன். எழுத்து கைக்கு வந்ததும் மனிதன் எழுதிவைத்தவற்றில் இது ஒன்று என்பது எனக்கு என்னவோ பெரிய நிம்மதி.

சரி, கி.மு. 701க்கு வருவோம். யூதா அப்போது அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் நாடு. கட்டமாட்டேன் என்று எசேக்கியா ராஜா நிறுத்திவிட்டான். அசீரிய ராஜா சனகெரிப் படையோடு வந்தான். யூதாவில் அரணான பட்டணங்கள் எல்லாவற்றையும் பிடித்தான் என்று வேதம் ஒரே வரியில் சொல்கிறது. அடுத்த வசனத்தில் எசேக்கியா, லாகீசில் இருக்கிற அசீரிய ராஜாவுக்கு ஆள் அனுப்பி "நான் குற்றஞ்செய்தேன்" என்கிறான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் அபராதம். தாலந்து என்பது அந்தக் காலத்து எடை. ஆலயக் கதவுகளில் அடித்திருந்த பொன் தகட்டை உரித்துக் கொடுத்திருக்கிறான். அப்படியும் சனகெரிப் விடவில்லை. லாகீசிலிருந்தே தன் அதிகாரி ரப்சாக்கேயைப் பெரிய சேனையோடு எருசலேமுக்கு அனுப்புகிறான். ரப்சாக்கே மதிலுக்குக் கீழே நின்று யூத பாஷையிலேயே மிரட்டுகிறான். அரமேய பாஷையில் பேசும், ஜனங்களுக்குக் கேட்கிறதே என்று உள்ளேயிருக்கும் அதிகாரிகள் கெஞ்சுகிறார்கள். கேட்கட்டும் என்றுதானே வந்தேன் என்று இன்னும் சத்தமாகப் பேசுகிறான். வேதத்தில் எனக்குப் பிடித்த வில்லன் பேச்சு அது. பிறகு அவன் திரும்பிப் போகும்போது, ராஜா லாகீசை விட்டுப் புறப்பட்டு லிப்னாவோடு யுத்தம்பண்ணுகிறான் என்று கேள்விப்படுகிறான்.

அவ்வளவுதான். லாகீஸ் எப்படி விழுந்தது, எத்தனை நாள் தாங்கியது, எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு சொல் கிடையாது. கவனித்துப் பார்த்தால், அது விழுந்தது என்றுகூட அந்தப் பகுதி பெயர் சொல்லி எழுதவில்லை. லாகீஸ் எருசலேம் கதையில் ஒரு முகவரி. ராஜா எங்கே இருக்கிறார்? லாகீசில். இப்போது? லிப்னாவில்.

ஏன் இப்படி என்று யோசித்தால் பதில் எளிது. எழுதியவர்கள் எருசலேம்காரர்கள். அவர்களுக்கு அந்த வருஷத்தின் செய்தி, நம் ஊர் தப்பித்தது என்பதுதான். ஒரே ராத்திரியில் கர்த்தருடைய தூதன் 1,85,000 பேரைச் சங்கரித்தான், சனகெரிப் திரும்பிப் போனான், தன் பிள்ளைகள் கையாலேயே செத்தான் என்று அவர்கள் கதை முடிகிறது. தப்பித்தவன் சொல்லும் கதையில், பக்கத்துப் படுக்கையில் இருந்தவன் என்ன ஆனான் என்பது பெரும்பாலும் வராது.

எதிர்த்தரப்பு ஆவணமும் உதவவில்லை. சனகெரிப் தன் வெற்றிகளை ஆறு முகமுள்ள களிமண் பட்டகங்களில் எழுதிவைத்தான். எசேக்கியாவின் 46 மதில்சூழ்ந்த ஊர்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன், அவனைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள்ளேயே அடைத்தேன் என்று பெருமையடிக்கிறான். பொன் விஷயத்தில் இரண்டு கணக்கும் 30 தாலந்து என்று ஒத்துப்போகிறது. வெள்ளியை மட்டும் இவன் 800 என்கிறான். கொடுத்தவன் கணக்கும் வாங்கியவன் கணக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது? ஆனால் அந்த 46 ஊர்களில் லாகீசின் பெயரை அவன் சொல்லவில்லை. கூண்டுக்குள் அடைத்தேன் என்கிறானே தவிர, எருசலேமைப் பிடித்தேன் என்றும் சொல்லவில்லை.

எழுத்தில் சொல்லாததைத்தான் கல்லில் செதுக்கினான். அசீரியத் தலைநகர் நினிவேயில் அவன் கட்டிய அரண்மனைக்கு 'நிகரில்லா அரண்மனை' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டன் ஹென்றி லேயார்டு அதைத் தோண்டியபோது, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறை முழுக்க இந்த ஒரே ஊரின் கதை இருந்தது. மனிதத் தலை வைத்த எருதுகள் காவல் நிற்கும் வாசல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டித்தான் அதற்குள் போக முடியும். உள்ளே போகப் போக எருதுகளின் உருவம் சிறுத்துக்கொண்டே வருகிறது. கண் நேராக லாகீசில் போய் விழவேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எருசலேமைச் செதுக்க முடியவில்லை. கையில் இருந்தது லாகீஸ். அது என் ஊகம்தான், ஆனாலும் அந்த அறையில் நின்றால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

படத்தை இடமிருந்து வலமாக வாசிக்கலாம். முதலில் படை வருகிறது. வில்லாளிகள், கவண் வீசுகிறவர்கள். நடுவில் முற்றுகை. மதில்மேல் இருப்பவர்கள் தீப்பந்தங்களை வீசுகிறார்கள். மதில் இடிக்கும் பொறிக்குள் இருக்கும் அசீரியன் நீளமான அகப்பையால் தண்ணீர் மொண்டு தன் வண்டியின்மேல் ஊற்றி நெருப்பை அணைக்கிறான். சிற்பி அங்கே நேரில் நின்று பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்த ஒருவனை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். இந்த அகப்பையைக் கற்பனையில் யோசிக்க வராது. அதே நேரத்தில் வாசல் வழியாக ஜனங்கள் மூட்டையோடு வெளியேறுகிறார்கள். கீழே மூன்று பேரைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். வலது பக்கம் இரண்டு பேரைத் தரையில் கிடத்தித் தோலை உரிக்கிறார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

நின்றது மாட்டுவண்டிக்கு முன்னால். இரட்டை மாட்டு வண்டி, மேலே மூட்டை முடிச்சு, மூட்டையின்மேல் பெண்களும் பிள்ளைகளும். தலையிலிருந்து கணுக்கால்வரை நீண்ட துணி போர்த்திய பெண்கள் பின்னால் நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான மைல் இருக்கிறது. வண்டி சொந்த வண்டியாக இருக்கும். மாடும் பழகிய மாடாக இருக்கும். ஊரைவிட்டுத் துரத்தப்படும்போதும் மூட்டையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். கயிறுகூடத் தெரிகிறது.

ஊர்வலத்தின் கடைசியில் மேட்டின்மேல் சிங்காசனத்தில் சனகெரிப். 'அசீரியாவின் ராஜா சனகெரிப் சிங்காசனத்தில் அமர்ந்தான், லாகீசின் கொள்ளை அவன்முன் கடந்துபோனது' என்று பக்கத்தில் எழுத்து. இந்த எழுத்து இல்லாவிட்டால் இது எந்த ஊர் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ராஜாவின் முகம் மட்டும் இல்லை. யாரோ வேண்டுமென்றே கொத்தி எடுத்திருக்கிறார்கள். கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயைச் சூறையாடியபோது நடந்திருக்கும் என்கிறார்கள். அந்த உளியைப் பிடித்த கை யாருடையது என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். இப்படிப்பட்ட வண்டியில் போன ஒருவரின் பேரன் கையாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டேன். ஆதாரம் எதுவும் கேட்காதீர்கள்.

படத்தில் வெற்றிபெற்றவன் மிகைப்படுத்தியிருக்கலாமே? அதற்குப் பதில் மண்ணில் இருந்தது. 1932இல் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி தெல் எத்-துவேரைத் தோண்டத் தொடங்கினார். அதற்கு முன்னால் 1890இல் பிளிண்டர்ஸ் பெட்ரி பக்கத்திலுள்ள வேறொரு மேட்டைத்தான் லாகீஸ் என்று நினைத்துத் தோண்டியிருந்தார். ஸ்டார்க்கி சரியான மேட்டில் இருந்தார், ஆனால் முடிக்கவில்லை. 1938 ஜனவரியில், எருசலேமில் ஒரு தொல்பொருள் காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குப் போகும் வழியில், எப்ரோனுக்கு அருகே ஆயுதம் தாங்கியவர்கள் அவரைக் கொன்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அரபுக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம். தோண்டல் அதோடு நின்றது.

இங்கே எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்: ஓல்கா டஃப்னல். ஸ்டார்க்கியின் குழுவில் இருந்தவர். இந்தத் துறையில் பட்டம் எதுவும் வாங்காதவர். தோண்டி எடுத்த குவியல்களை வகைப்படுத்தி வெளியிடும் பாரம் அவர் தலையில் விழுந்தது. ஏறத்தாழ இருபது வருஷம் அதிலேயே போனது. லாகீசில் எரிந்துபோன அடுக்குகள் இரண்டு தெளிவாகத் தெரிந்தன, ஒன்றின்மேல் ஒன்று. இரண்டுமே பாபிலோனியர் எரித்தவை, கி.மு. 597இல் ஒருமுறை, பத்து வருஷம் கழித்து இன்னொரு முறை என்பது ஸ்டார்க்கியின் முடிவு. டஃப்னல் பானை சட்டிகளை அடுக்கிவைத்துப் பார்த்தார். கீழடுக்குப் பானையும் மேலடுக்குப் பானையும் ஒன்றுபோல இல்லை. பத்து வருஷத்தில் ஊர் முழுக்கச் சமையலறைகள் இப்படி மாறிவிடுமா? மாறாது. இடையில் நூறு வருஷமாவது இருக்க வேண்டும். அப்படியானால் கீழடுக்கு சனகெரிப் எரித்தது. 1953இல் இதை எழுதினார், தன்னை வேலைக்கு எடுத்த தலைவருக்கு எதிராக. பெரிய பெரிய அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1973இல் தாவீது உசிஷ்கின் மறுபடியும் தோண்டத் தொடங்கி, சில வருஷங்களில் டஃப்னல் சொன்னதுதான் சரி என்று காட்டினார். டஃப்னல் இறந்தது 1985இல். தன் பானைகள் ஜெயித்ததை உயிரோடு பார்த்துவிட்டார்.

கீழடுக்கின் தேதி உறுதியானதும் மற்றவையெல்லாம் தானாகப் பொருந்தின. அந்த அடுக்கில் 400க்கு மேற்பட்ட ஜாடிக் கைப்பிடிகளில் 'ராஜாவுக்குரியது' என்ற முத்திரை. 45 லிட்டர் பிடிக்கும் ஜாடிகள். எண்ணெயோ திராட்சரசமோ சேமித்தது. எசேக்கியா முற்றுகைக்குத் தயாராகத்தான் இருந்தான்.

கொத்தளமும் அங்கேயே கிடந்தது, தென்மேற்கு மூலையில். அந்த இடத்தில் மட்டும்தான் மேடு பக்கத்துக் குன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் பள்ளம். ஸ்டார்க்கியின் ஆட்கள் அதை மதில் இடிந்து விழுந்த கல் என்று நினைத்து ஒரு பகுதியை அள்ளிப்போட்டுவிட்டார்கள். உசிஷ்கின்தான் அதை இன்னதென்று அடையாளம் கண்டார். 13,000 முதல் 19,000 டன் கல் என்பது அவர் கணக்கு. 2021இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, சராசரி ஆறரைக் கிலோ எடையுள்ள கல்லாக ஏறத்தாழ 30 லட்சம் கல் போயிருக்கும், இரவும் பகலுமாக வேலை நடந்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்திருக்கும் என்கிறது. கான்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவார்களே, அதேபோலக் கல்லைக் கைமாற்றியிருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. தலைக்குமேல் அம்பு வந்துகொண்டிருக்கும். முன்வரிசையில் கல் வாங்கியது யார்? பிடிபட்ட அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருந்திருக்கலாம். அப்படியிருந்தால், மேலேயிருந்து அம்பு எய்தவனுக்குக் கீழே நிற்பவனைத் தெரிந்திருக்கும்.

உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வெளியே மேடு உயர உயர, மதிலுக்கு உட்புறம் அவர்களும் ஒரு மேடு போட்டார்கள். பழைய குப்பை, இடிந்த வீட்டு மண் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டி மதிலைவிட உயரமாக ஏற்றினார்கள். கொத்தளத்துக்கு எதிர்க்கொத்தளம். சிற்பத்தில் இது கிடையாது. வென்றவன் இதையெல்லாம் செதுக்கமாட்டான். அந்த மூலையில் நூற்றுக்கணக்கான அம்பு முனைகள் கிடைத்தன, பெரும்பாலும் இரும்பு. கவண்கற்கள் கிடைத்தன. ஓர் இரும்புச் சங்கிலித் துண்டும் கிடைத்தது, நான்கு கண்ணி. மதிலிடிக்கும் பொறியின் மூக்கை மேலேயிருந்து சங்கிலி போட்டுப் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று உசிஷ்கின் கருதுகிறார். அந்த நான்கு கண்ணியை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. தோற்போம் என்று தெரிந்த பிறகும் ஒருவன் பட்டறையிலிருந்து சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

சரிவுக் குகைகளில் ஏறத்தாழ 1,500 பேரின் எலும்புகளை ஸ்டார்க்கி பார்த்தார். தனித்தனிப் புதைப்பு இல்லை. எங்கிருந்தோ அள்ளிவந்து கொட்டிய எலும்புகள். முற்றுகையில் இறந்தவர்கள் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நகரவாசலில் 2016இல் தோண்டியபோது இன்னொரு விசித்திரம் வெளியே வந்தது. ஓர் அறை கோவில்போல இருக்கிறது. பலிபீடங்களின் கொம்புகளை வெட்டியிருக்கிறார்கள். மூலையில் நடுவில் துளையிட்ட கல், கக்கூஸ் கல். எசேக்கியா உள்ளூர்க் கோவில்களை ஒழித்ததன் அடையாளம், தீட்டாக்குவதற்காக வைத்தது என்கிறார்கள் தோண்டியவர்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் தலைப்புச் செய்திக்குக் கொஞ்சம் அளவாகத் தைத்த சட்டைபோலத்தான் படுகிறது.

லாகீஸ் மறுபடியும் கட்டப்பட்டது, முன்பைவிட எளிமையாக. நூறு வருஷத்துக்குச் சற்று மேல். அப்புறம் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை வந்தது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும்தான் மிச்சமிருந்தன என்று எரேமியா எழுதுகிறான். இந்தத் தடவை எருசலேமும் தப்பவில்லை.

இந்த இரண்டாவது சாம்பலில்தான், 1935இல், வாசலை ஒட்டிய காவலறையில் ஸ்டார்க்கி 18 பானையோடுகளை எடுத்தார். கறுப்பு மையால் எழுதிய கடிதங்கள். பிறகு மூன்று கிடைத்தன. நம் பழைய இலக்கணத்தில் மதிலை வளைக்கிறவனுக்கு உழிஞைப் பூ, உள்ளிருந்து காக்கிறவனுக்கு நொச்சிப் பூ. நினிவேயின் அந்த அறை முழுக்க உழிஞைதான். நொச்சி சூடியவன் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் இந்த ஓடுகளுக்குத்தான் வர வேண்டும், அது வேறொரு போரானாலும்.

ஓசாயா என்ற கீழ்நிலை அதிகாரி, யாவோஷ் என்ற மேலதிகாரிக்கு எழுதுகிறான். 'உம்முடைய அடியானாகிய நாய் யார்' என்றெல்லாம் பணிவு வழிகிறது. ஆனால் ஒரு கடிதத்தில் பயங்கரக் கோபம். உனக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாதா என்று மேலதிகாரி எழுதியிருப்பார் போலிருக்கிறது. கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு சொல்கிறேன், எனக்கு இதுவரை எவனும் கடிதம் வாசித்துக் காட்டியதில்லை, வருகிற கடிதத்தையெல்லாம் நானே வாசிக்கிறேன் என்று பொங்குகிறான். நாடு மூழ்கிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டார்களே என்ற ரோஷம். வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கடிதத்துக்கு உரை தேவையில்லை. இன்னொரு கடிதத்தில், எருசலேம் அதிகாரிகளின் வார்த்தைகள் ஜனங்களின் கைகளைத் தளரப்பண்ணுகின்றன என்று வருகிறது. எரேமியாவின்மேல் பிரபுக்கள் சாட்டிய குற்றமும் அதே சொற்களில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் போலும்.

நான்காவது ஓட்டின் கடைசி வரிதான் பிரசித்தம். 'லாகீசின் தீக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், என் எஜமான் கொடுத்த எல்லா அடையாளங்களின்படியும். ஏனென்றால் அசெக்காவை எங்களால் காண முடியவில்லை.'

அசெக்கா லாகீசுக்கு வடக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அங்கே தீ தெரியவில்லை என்றால் அந்த ஊர் விழுந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்கள் ஒரு தரப்பு. இல்லை, எழுதியவன் இருந்த இடத்திலிருந்து அசெக்கா மறைவு, அவ்வளவுதான் என்பார்கள் மறுதரப்பு. இந்த ஓடுகள் வந்த கடிதங்களே இல்லை, லாகீசிலிருந்து அனுப்பிய கடிதங்களின் வரைவு என்று யிகாயேல் யாதீன் வாதிட்டார். சில ஓடுகள் ஒரே பானையின் துண்டுகளாக இருப்பது அவர் கையிலிருந்த ஆதாரம். எந்தத் தரப்பை எடுத்தாலும், இருட்டில் மதில்மேல் நின்று ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் அந்த வரியில் இருக்கிறான்.

லண்டனிலிருந்து வந்த பிறகு ஆச்சியின் பழைய வேதப்புத்தகத்தை எடுத்து லாகீஸ் வரும் இடங்களையெல்லாம் தேடி வாசித்தேன். அட்டை போயிருந்தது, ஓரங்களில் எறும்பு அரித்திருந்தது. காலக்கணக்கில் கடைசியாக வரும் இடம் நெகேமியா 11. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் எந்தெந்த ஊர்களில் குடியேறினார்கள் என்ற பட்டியல். ஜெபத்தில் வந்தால் ஆச்சியே, "பேரெல்லாம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போ" என்று சொல்லும் அதிகாரம். 30ஆம் வசனத்தில், சானோவா, அதுல்லாம் எல்லாம் தாண்டி, லாகீசும் அதன் வயல்வெளிகளும் என்று இருந்தது. அதற்கு அடுத்த பெயர் அசெக்கா.